கத்தியில்லாக் கருத்தடை: ஊசியால் எது முடியும், எது முடியாது?

அறுவை சிகிச்சை இல்லாமல், ஊசி மூலமே விலங்குகளுக்குக் கருத்தடை செய்ய முடியுமா என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருந்தனர். அக்கேள்விகளில் சிலவற்றுக்குச் சென்னையில் பணியாற்றும் கால்நடை மருத்துவர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் தெருக்களில் நாய்கள் பெருகிவிட்டன. மாநகராட்சி வண்டி வந்து சில நாய்களைப் பிடித்துச் செல்கிறது. சில நாட்கள் கழித்துக் காதில் வெட்டு அடையாளத்துடன் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் புதிதாகக் குட்டிகள் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆண் நாயின் விரையில் ஒரே ஓர் ஊசி போட்டால் போதும், அறுவை சிகிச்சையே வேண்டாம், வெளிநாடுகளில் இது பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது என்று எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இது உண்மையா? உண்மையென்றால் மாநகராட்சி ஏன் இதைச் செய்யவில்லை?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்

பதில்: உங்களுக்கு வந்த செய்தி பொய்யன்று, ஆனால் அதில் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லாமல் விடப்பட்ட பாதியில்தான் உங்கள் தெருவின் பிரச்சினை அடங்கியிருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003-ஆம் ஆண்டு நியூட்டர்சால் என்ற ஊசி மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. துத்தநாகத்தின் உப்பாகிய ஜிங்க் குளுக்கோனேட்டை ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு சமன்செய்து தயாரித்த மருந்து அது. மூன்று முதல் பத்து மாதம் வரையுள்ள ஆண் நாய்க்குட்டிகளுக்கென ஒப்புதல் பெற்றது. பின்னர் அதே மருந்து 2014-இல் ஜியூட்டரின் என்ற பெயரில் அங்கே மீண்டும் விற்பனைக்கு வந்தது. மெக்சிகோ உள்ளிட்ட சில நாடுகளில் எஸ்டெரில்சால் என்று பெயர் பெற்றது. விரைக்குள் சென்ற மருந்து, விந்தணுக்கள் உருவாகும் நுண்குழாய்களில் பரவி, அங்குள்ள செல்களை அழிக்கிறது, அழிந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து குழாய்கள் அடைபடுகின்றன, விரை சுருங்குகிறது. ஊசி போட்ட மறுநாளே நாய் மலடாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்கெனவே உருவாகி வெளிக்குழாய்களில் தங்கியிருக்கும் விந்தணுக்கள் தீரும்வரை, அதாவது குறைந்தது 60 நாட்கள், அந்த நாயைப் பருவத்திலுள்ள பெட்டை நாயிடமிருந்து விலக்கியே வைக்க வேண்டும். வீட்டு நாயை அப்படி வைக்கலாம். மடிப்பாக்கம் தெருவில் திரியும் நாயை யார் விலக்கி வைப்பது?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விரையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. விந்தணு உருவாவது ஒன்று. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரப்பது மற்றொன்று. ஜிங்க் குளுக்கோனேட் ஊசி முதல் வேலையை நிறுத்துகிறது. இரண்டாவதை ஏறத்தாழப் பாதியளவுக்குத்தான் குறைக்கிறது. எனவே ஊசி போட்ட நாய் குட்டிகளுக்குத் தகப்பனாகாதே தவிர, பெட்டை நாயின் வாசனையைத் தேடித் தெருத் தெருவாக அலைவதும், அதற்காக மற்ற ஆண் நாய்களுடன் சண்டையிடுவதும், இணை சேர்வதும் பெருமளவுக்குத் தொடரவே செய்யும். உங்கள் சங்கத்துக்கு வரும் புகார்களில் எத்தனை குட்டிகளைப் பற்றியவை, எத்தனை இரவு நேரச் சண்டையையும் வண்டியைத் துரத்துவதையும் பற்றியவை என்று எண்ணிப் பாருங்கள். இணை சேர்வது தொடர்ந்தால், பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டியும் ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குப் பரவிக்கொண்டே இருக்கும். இனச்சேர்க்கையின்போது உயிருள்ள புற்றுச் செல்களே ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குத் தாவி வளரும் விசித்திரமான நோய் அது. பூக்கோசு போலப் பிதுங்கி இரத்தம் கசியும் அந்தக் கட்டியைச் சென்னைத் தெரு நாய்களிடம் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வாரம் ஒருமுறை நரம்பு வழியாகப் புற்றுநோய் மருந்து செலுத்தினால் பெரும்பாலும் குணமாகும் என்றாலும், அடுத்தடுத்த வாரங்களில் அதே தெரு நாயைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அந்தப் பணியைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்ததாகக் கணக்குக்கு வருவோம். ஒரு தெருவில் பத்து ஆண் நாய்கள் இருந்து, ஒன்பதுக்கு ஊசி போட்டாலும், எஞ்சிய ஒன்று அங்குள்ள பெட்டை நாய்கள் அனைத்தையும் சினையாக்கிவிடும். அதுவும் இல்லையென்றால் பக்கத்துத் தெருவிலிருந்து ஒன்று வரும். பெட்டை நாயோ பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வருகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஒரு பெட்டைக்குக் கருத்தடை செய்தால், அது ஈன்றிருக்கக்கூடிய குட்டிகள் அத்தனையும் எந்த ஆண் நாயைப் பற்றிய கவலையும் இல்லாமல் நிச்சயமாகக் குறைகின்றன. நாய்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை பெட்டை நாய்களே. அவற்றுக்கு நிரந்தரக் கருத்தடை தரும் ஒற்றை ஊசி எதுவும் இன்றுவரை எந்த நாட்டிலும் வழக்கமான பயன்பாட்டுக்கு வரவில்லை. நாய், பூனை இரண்டிலும், ஆண் பெண் இருபாலருக்கும் ஒரே தவணையில் நிரந்தரமாகப் பலனளிக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பவருக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர் தருவதாக அமெரிக்காவில் 2008-இல் மைக்கேல்சன் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்தப் பரிசை இன்னும் யாரும் பெறவில்லை.

ஊசி என்றால் வேலை மிச்சம் என்றும் பலர் நினைக்கிறார்கள். நாயைப் பிடிக்க வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும், அது அசையாதிருக்க மயக்கமூட்ட வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், காதில் அடையாளமிட வேண்டும், பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். இவை எல்லாமே ஊசிக்கும் உண்டு. ஆண் நாயின் அறுவை சிகிச்சை என்பது பழகிய கைகளுக்குச் சில நிமிட வேலை. மிச்சமாவது அந்தச் சில நிமிடங்களும், அதற்குப் பிந்தைய கூண்டு நாட்களும்தான். கண்காணிப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கருத்தடை மையங்களில் அகற்றிய உறுப்புகளைப் பாதுகாத்து எண்ணிப் பார்த்துத்தான் எத்தனை நாய்களுக்குச் சிகிச்சை நடந்தது என்று சரிபார்க்கிறார்கள். கேட்பதற்கு அருவருப்பாகத் தோன்றினாலும், பொதுப் பணம் செலவாகும் திட்டத்தில் அதைப்போல் உறுதியான சான்று வேறில்லை. ஊசியில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. போட்டதாக எழுதியதை நம்பத்தான் வேண்டும்.

ஆகவே மாநகராட்சி இந்த ஊசியைக் கைக்கொள்ளாததைக் குறை சொல்ல என்னால் இயலாது. குறை சொல்ல வேண்டியது வேகத்தை. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-இலேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணியைத் தொடங்கியது. நாய்களைக் கொல்வதற்கு மாற்றாக 1996-இல் மாநகராட்சியும் அதை ஏற்றது. நாட்டின் பிற நகரங்களுக்கு வழிகாட்டிய நகரம் இது. அப்படியிருந்தும் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள் இருப்பதாகவும், அவற்றில் பெரும்பான்மைக்குக் கருத்தடை ஆகவில்லை என்றும் தெரியவந்தது. வார்டு வாரியாக, ஒரு பகுதியின் பெட்டை நாய்களில் பெரும்பங்கை ஒரே வீச்சில் முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்லும் முறைதான் பலன் தரும். புகார் வந்த தெருவில் நான்கு, வராத தெருவில் பூஜ்யம் என்று பிடித்தால், பிடிபடாதவை அந்த இடைவெளியை நிரப்பிவிடும். உங்கள் சங்கம் செய்யக்கூடிய உருப்படியான உதவி ஒன்று உண்டு: காதில் வெட்டு இல்லாத பெட்டை நாய்கள் எந்தெந்த வீட்டு வாசலில் படுக்கின்றன, யார் உணவிடுகிறார்கள் என்று பட்டியலிட்டு, 1913 என்ற மாநகராட்சி எண்ணில் பதிவு செய்து, வண்டி வரும் நாளில் உணவிடுபவரையும் அருகில் நிற்கச் சொல்லுங்கள். பழகியவர் அழைத்தால் நாய் வரும். வலை வீசித் துரத்த வேண்டியிராது.

கேள்வி: ஜிங்க் மருந்து இல்லாவிட்டாலும், கால்சியம் குளோரைடு கரைசலை விரையில் செலுத்தினால் அதே பலன் கிடைக்கும், அது மிக மலிவு, நம் நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது என்று அறிந்தேன். நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து எங்கள் பகுதி நாய்களுக்கு உணவும் மருந்தும் தந்துவருகிறோம். ஆண் நாய்களுக்கு மட்டுமாவது நாங்களே இதைச் செய்யலாமா?
– விலங்கு நல ஆர்வலர், பெசன்ட் நகர்

பதில்: செய்யக் கூடாது. இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஆய்வு நடந்தது உண்மைதான். மேற்கு வங்க ஆய்வாளர்கள் தெரு நாய்களில் கால்சியம் குளோரைடைச் செலுத்திக் கண்ட முடிவுகளை 2007-இல் வெளியிட்டார்கள். பின்னர் பூனைகளிலும் சோதித்தார்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் 2014-இல், 20 சதவீதக் கால்சியம் குளோரைடை எரிசாராயத்தில் கரைத்துச் செலுத்தியபோது, ஓராண்டு வரை விந்தணு இல்லாதிருந்ததோடு ஆண் ஹார்மோனும் பாதிக்கு மேல் குறைந்ததைக் கண்டார்கள். அதே உப்பை வேறு கரைப்பானில் கரைத்தபோது ஹார்மோன் ஓராண்டில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. எதில் கரைக்கிறோம் என்பதே முடிவை மாற்றிவிடுகிறது என்பதை இதிலிருந்து நீங்கள் உணர வேண்டும். வேதிப்பொருள் கடையில் வாங்கிய உப்பை வீட்டில் கரைத்தால் அதில் கிருமி நீக்கம் இராது, சரியான அடர்த்தி இராது, தூய்மைக்கு உத்தரவாதம் இராது.

ஊசி போடும் விதத்தைச் சொன்னால் ஆபத்து இன்னும் தெளிவாகப் புரியும். ஜிங்க் மருந்தைப் பயன்படுத்தும் மருத்துவர் முதலில் இரு விரைகளும் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். பிறகு ஒவ்வொரு விரையின் அகலத்தையும் அளவிடுக்கியால் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார். அந்த அகலத்துக்கு ஏற்பவே ஒரு விரைக்கு 0.2 மில்லி முதல் 1 மில்லி வரை மருந்தின் அளவு மாறுகிறது. மருந்தை உறிஞ்சிய ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, மயிரிழை போன்ற புதிய ஊசியைப் பொருத்தி, விரையின் மேல்முனையில் நுழைத்து, திசுவுக்குள் மெதுவாக, கசியாமல் செலுத்துகிறார். அடுத்த விரைக்கு மீண்டும் புதிய ஊசி. இத்தனை கவனமும் எதற்கென்றால், ஒரு துளி விரைப்பையின் தோலுக்கடியில் கசிந்தாலும் அந்த மருந்து அங்குள்ள திசுவையும் அழித்துவிடும் என்பதற்காகத்தான். விந்தணுச் செல்லை அழிக்கும் மருந்துக்குத் தோல் எது, விரை எது என்ற வேறுபாடு தெரியாது.

கலாபகோஸ் தீவுகளில் ஒன்றில் நடந்த, 2008-இல் வெளியான ஆய்வில், ஒப்புதல் பெற்ற ஜிங்க் மருந்தையே பயிற்சி பெற்ற மருத்துவர்கள் நூற்றுச் சொச்சம் நாய்களுக்குச் செலுத்தியும், நான்கு நாய்களுக்கு ஊசி போட்ட இடத்தில் திசு அழுகிப் புண்ணாயிற்று. அவற்றுக்கு விரிவான அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அங்கே புண்ணைக் கவனிக்க ஆட்கள் இருந்தார்கள். பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஊசி போட்டு விட்டுவிட்ட நாய், வெயிலிலும் மணலிலும் அந்தப் புண்ணை நக்கிக்கொண்டு, ஈ மொய்த்துப் புழு வைத்து, யார் கண்ணிலும் படாமல் ஏதாவது வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உங்கள் நல்லெண்ணம் அந்த நாய்க்கு எந்த வகையிலும் உதவாது. மேலும் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி கால்நடை மருத்துவம் செய்யும் உரிமை பதிவு பெற்ற மருத்துவர்களுக்கே உண்டு. தெரு நாய்களின் கருத்தடையை 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளிடமே ஒப்படைத்திருக்கின்றன.

உங்கள் கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. நீங்கள் அன்றாடம் உணவிடும் நாய்கள் உங்களை நம்புகின்றன. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி ஆண்டுதோறும் அவற்றுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடச் செய்யுங்கள். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய்க்கடியால் வருகிறது என்றும், ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ப் பரவல் அறுபடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தடுப்பூசி முகாமுக்கு நாயைப் பிடித்துக் கொடுப்பவர்கள்தான் இந்நகரில் குறைவு.

கேள்வி: எங்கள் லேப்ரடார் ஆண் நாய்க்கு இரண்டு வயதாகிறது. கருத்தடை செய்யச் சொல்கிறார்கள். மயக்க மருந்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டு நாய்க்காவது ஊசி முறை பொருந்துமா?
– இல்லத்தரசி, அண்ணா நகர்

பதில்: உங்கள் பயம் இயல்பானது, ஆனால் அதற்கு ஊசி தீர்வாகாது, ஏனெனில் விரையில் ஊசி போடுவதற்கும் நாயை மயக்கநிலைக்குக் கொண்டுசெல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஊசி குத்துவதால் பெரிய வலி இராது என்றாலும், மருந்து செல்லும்போது நாய் திமிறினால் மேலே சொன்ன கசிவு நேர்ந்துவிடும். தவிர, முன்பு குறிப்பிட்ட ஜிங்க் மருந்து அமெரிக்கச் சந்தையிலேயே இப்போது விற்பனையில் இல்லை.

இரண்டு வயதுள்ள, நல்ல உடல்நிலையிலுள்ள நாய்க்கு மயக்க மருந்தால் நேரும் ஆபத்து மிகக் குறைவு. இரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம், கல்லீரல் இரண்டும் சீராக உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சல் இல்லையென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சென்னையில் உண்ணிகளால் பரவும் நோய்கள் அதிகம். வெளிக்குத் தெரியாமலே இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அறுவையின்போது இரத்தக் கசிவு நிற்காது. மயக்க மருந்தைவிட இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். மருத்துவர் சொல்லும் நேரத்திலிருந்து உணவைக் கண்டிப்பாக நிறுத்துங்கள்; பாவம் என்று ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு மறைத்துவிடாதீர்கள். வயிற்றில் உணவிருக்க மயக்கினால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும்.

ஆறப்போட விரும்புகிறவர்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் மருந்தை அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய குச்சியாகச் செய்து, தடித்த ஊசியால் தோளருகே தோலுக்கடியில் வைப்பார்கள். 2007-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆண் நாய்களுக்கு இதற்கு ஒப்புதல் தந்தது. 4.7 மில்லிகிராம் வகை ஆறு மாதமும், 9.4 மில்லிகிராம் வகை ஓராண்டும் வேலை செய்யும். இது விரையைத் தொடுவதில்லை. விரைக்குக் கட்டளையிடும் மூளையடிச் சுரப்பியை ஓயாமல் தூண்டித் தூண்டி இறுதியில் ஓய்ந்துபோகச் செய்கிறது. அதனால் முதல் சில வாரங்களில் ஆண் ஹார்மோன் கூடி, நாய் வழக்கத்தைவிட முரட்டுத்தனமாக இருக்கலாம்; ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பின்னரே முழுப் பலன் தெரியும். மருந்து தீர்ந்ததும் பழைய நிலை திரும்பிவிடும். கருத்தடைக்குப் பின் உங்கள் நாயின் குணம் எப்படி மாறும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள விரும்பினால் இது நல்ல வழி. கிடைக்குமா, என்ன செலவாகும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் அறுவையே என் பரிந்துரை. அதன்பின் வழக்கமான உணவில் கால் பங்கு வரை குறைத்துவிடுங்கள்; லேப்ரடார் இனம் கருத்தடைக்குப் பின் மிக எளிதில் பருத்துவிடும்.

கேள்வி: எங்கள் பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போதெல்லாம் வாசலில் ஆண் நாய்கள் கூடிவிடுகின்றன. தெரிந்தவர் ஒருவர், ‘ஹீட்’ வராமலிருக்க ஓர் ஊசி இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்கிறார். போடலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். அவர் சொல்வது பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் ஊசியாக இருக்கும். அது பருவத்தைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. ஆனால் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, கிருமிகளுக்கு இடங்கொடுத்து, கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் நிலைக்கு அது வழிவகுக்கிறது. மடிக்கட்டிகளுக்கும், சில நாய்களில் நீரிழிவுக்கும் காரணமாகிறது.

இப்படித் தொடர்ந்து ஊசி போடப்பட்ட ஒரு பெட்டை நாயை என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, ஆனால் வாளித் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது என்றார்கள். வயிறு உப்பியிருந்தது, வால் அடியில் ஈரமோ கசிவோ இல்லை, கருப்பை வாய் மூடியிருந்ததால் சீழ் வெளியேற வழியில்லை. வயிற்றைத் திறந்தபோது, பென்சில் பருமன் இருக்க வேண்டிய கருப்பைக் கொம்புகள் இரண்டும் என் மணிக்கட்டுப் பருமனில், கைபட்டால் கிழிந்துவிடும்போல் இருந்தன. அது பிழைத்தது. எல்லா நாய்க்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. உடல் நன்றாக இருக்கும்போது செய்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும் அதே அறுவையை, உயிர் ஊசலாடும் நேரத்தில் செய்ய நேர்ந்தது.

பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, கருப்பையும் சூலகமும் அகற்றும் அறுவையைச் செய்துவிடுங்கள். ஏற்கெனவே அந்த ஊசி போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதிகத் தாகம், சோர்வு, பிறப்புறுப்பில் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே காட்டுங்கள். மறுநாளுக்குத் தள்ள வேண்டாம்.

கேள்வி: இருபது ஆடுகள் வைத்திருக்கிறேன். கிடாக்குட்டிகளுக்கு இடுக்கி போட்டுக் காயடிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மாடுகளுக்கு வெளிநாட்டில் ஊசியால் காயடிக்கிறார்கள் என்று படித்தேன். ஆட்டுக்கும் செய்யலாமா?
– ஆடு வளர்ப்பவர், செங்குன்றம்

பதில்: அமெரிக்காவில் 1980-களில் காளைக் கன்றுகளின் விரையில் லாக்டிக் அமிலம் செலுத்திக் காயடிக்கும் மருந்து ஒன்று விற்பனைக்கு வந்தது. வெட்டுக்காயம் இல்லை, இரத்தம் இல்லை என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் விரைப்பை வீங்குவதும், புண் ஆற நாளாவதும், சில கன்றுகளில் ஒரு பகுதி விரை பிழைத்துக்கொள்வதும் தெரியவந்ததால் அது நிலைபெறவில்லை. பன்றிகளில் மட்டும் வேறொரு முறை வெற்றிபெற்றிருக்கிறது. விரையைத் தொடாமல், இனப்பெருக்க ஹார்மோனுக்கு எதிராக உடலிலேயே எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும் தடுப்பூசி அது. இரண்டு தவணை போட்டால் ஆண் பன்றி இறைச்சியின் வாடை நீங்குகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1998-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் பயன்படுகிறது.

உங்கள் ஆடுகளுக்கு, முறையாகச் செய்தால் பர்டிசோ இடுக்கியே இன்னும் நல்லது. தோல் கிழியாமல், உள்ளே செல்லும் விந்துநாளத்தையும் இரத்தக் குழாயையும் மட்டும் அது நசுக்குகிறது. தோல் முழுதாக இருப்பதால் ஈயும் புழுவும் அண்டுவதில்லை. இரு பக்கத்தையும் ஒரே கடியில் நசுக்கக் கூடாது. ஒவ்வொரு நாளத்தையும் விரலால் ஓரத்துக்குத் தள்ளித் தனித்தனியே, ஒன்றைச் சற்று மேலும் மற்றொன்றைச் சற்றுக் கீழுமாகக் கடிக்க வேண்டும். நடுவில் இரத்தவோட்டம் எஞ்சினால்தான் விரைப்பை அழுகாமல் இருக்கும். நீங்கள் காணப் பொறுக்காத துடிப்பு, மரத்துப்போகும் ஊசியும் வலிநீக்கி மருந்தும் போடாமல் செய்வதால் வருவது. இரண்டு மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போதே, அரசு கால்நடை மருந்தகத்தில் அவ்விரண்டையும் கேட்டுப் போட்டுச் செய்யச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். ரப்பர் வளையம் மாட்டுவதாக இருந்தால் இரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி அவசியம். வாங்குவோரில் சிலர் காயடிக்காத கிடாவையே கேட்பார்கள் என்பதையும் மனத்தில் கொண்டு, எத்தனை குட்டிகளுக்குச் செய்வது என்று முடிவெடுங்கள்.

கேள்வி: காயடிப்பதே விலங்கு வதை ஆகாதா? சட்டம் இதை எப்படி அனுமதிக்கிறது?
– கல்லூரி மாணவர், வேப்பேரி

பதில்: 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, விதிக்கப்பட்ட முறையில் காயடிப்பதை வதை என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வலியில்லாமல் செய்ய மருந்து இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது, சட்டம் என்ன சொன்னாலும், என் பார்வையில் வதைதான். ஊசியா கத்தியா என்பதைவிட, வலியைத் தணித்தோமா, புண்ணைக் கவனித்தோமா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பூனைகள் பெருகிவிட்டன. பெண் பூனைகளுக்கு ஒரே ஊசியில் கருத்தடை கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வந்ததே, அது எப்போது கிடைக்கும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவல்லிக்கேணி

பதில்: நீங்கள் குறிப்பிடுவது அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சியக ஆய்வாளர்கள் பங்கேற்று, 2023-இல் வெளிவந்த ஆய்வாக இருக்க வேண்டும். சினைமுட்டைப் பைகள் வளர்வதைத் தடுக்கும் ஒரு ஹார்மோனின் மரபணுவை, நோய் உண்டாக்காத வைரஸில் ஏற்றித் தசையில் செலுத்தினார்கள். தசையே அந்த ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கத் தொடங்கியது. மருந்து பெற்ற ஆறு பூனைகளும் ஆண் பூனையுடன் விடப்பட்டபோதும் குட்டி போடவில்லை. மருந்து பெறாத மூன்றும் போட்டன. இத்துறையில் நான் கண்ட செய்திகளில் மனத்துக்கு மிகவும் நம்பிக்கையளித்தது இதுவே. ஆனால் ஆறு பூனைகள் என்பது தொடக்கம்தான். மருந்தாக வெளிவர இன்னும் பல கட்டச் சோதனைகள் உள்ளன. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகக்கூடும். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடும். எனவே உங்கள் குடியிருப்பில் இப்போது குட்டியாக இருப்பவற்றை ஐந்து மாதம் நிறைவதற்குள் அறுவைக்கு அனுப்புங்கள். குட்டிகள் தாமாகவே உணவு தின்னத் தொடங்கிய பின், ஏறத்தாழ எட்டு வாரத்தில், தாய்ப் பூனைகளைப் பிடியுங்கள். கூண்டுக்குள் மத்தி மீன் வைத்தால் பெரும்பாலானவை தாமாகவே நுழைந்துவிடும். முதல் நாளிரவிலிருந்து வேறு யாரும் உணவு வைக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு.